வழி தெரியாத நாட்களில்

(திருச்சி காந்தி மார்க்கெட் பகுதியில் நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில் நமது மருத்துவமனையின் சாப்ளின் ஐயா அளித்த செய்தி, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்)



கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு இந்தச் சாயங்கால வேளையில் வந்திருக்கிறீர்கள். தூரத்துச் சபைகளிலிருந்து பஸ் ஏறி வந்தவர்களும் இருக்கிறீர்கள். ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் வெளியே லாரி ஹாரன் கேட்கிறது. அதுவும் நல்லதுதான். பிரசங்கம் நீண்டுபோனால் எனக்கு நினைவூட்ட ஆள் இருக்கிறது.

"நிச்சயமில்லாத காலங்களில் தேவ வழிநடத்துதல்" என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். காந்தி மார்க்கெட்டில் இருக்கிறவர்களிடம் நிச்சயமின்மையைப் பற்றிப் பேச நான் யார்? பெரம்பலூர் பக்கத்திலிருந்து வரும் சின்ன வெங்காயம் நாளைக் காலையில் என்ன விலைக்குப் போகும் என்று உங்களில் யாராலும் சொல்ல முடியாது. இந்த மார்க்கெட்டே எங்கே இருக்கும் என்பதும் பல வருடங்களாகக் கேள்வியாக இருக்கிறது. கள்ளிக்குடிக்குப் போகவேண்டும் என்றார்கள், பெரிய வளாகமே கட்டினார்கள், வியாபாரிகள் போகவில்லை. இப்பொழுது பஞ்சப்பூர் என்கிறார்கள். 2020-ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிப்பு வந்தது. பிறகு மார்க்கெட்டையே மூடி, மொத்த வியாபாரத்தைப் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்கு மாற்றினார்கள். அந்த வருடம் ஏப்ரல் 12 ஈஸ்டர் பண்டிகை. ஆலயங்கள் பூட்டிக் கிடந்தன. மூட்டை தூக்கி அன்றாடம் கூலி வாங்குகிற குடும்பங்களுக்கு அந்த நாட்கள் எப்படிப் போயின என்பதை அவர்கள்தான் சொல்லவேண்டும்.

மருத்துவமனை வார்டில் நான் அதிகமாய்க் கேட்கிற கேள்வி என்ன தெரியுமா? "ஏன் எனக்கு இந்த நோய் வந்தது" என்பதுதான் என்று நினைப்பீர்கள். அதை நோயாளிகள் பெரும்பாலும் சத்தமாய்க் கேட்பதில்லை, மனதுக்குள் வைத்துக்கொள்ளுகிறார்கள். வாய் திறந்து கேட்கிறது, "ஐயா, ஆபரேஷன் பண்ணலாமா வேண்டாமா? தேவசித்தம் என்ன என்று ஜெபித்துச் சொல்லுங்கள்." கையெழுத்துப் போடவேண்டிய காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். நர்ஸ் அம்மா வாசலில் நிற்பார்கள்.

நமக்கு ஒரு சீட்டு வேண்டும். "போ" அல்லது "போகாதே" என்று எழுதிய சீட்டு. புத்தாண்டு இரவில் வாக்குத்தத்த வசன அட்டை எடுக்கிறோம் அல்லவா? அதை நான் குறை சொல்லவில்லை, நானும் எடுக்கிறேன். ஆனால் எடுத்த வசனம் பிடிக்காவிட்டால் இன்னொன்று எடுக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். வேதத்தைக் கண்ணை மூடித் திறந்து, விரல் பட்ட இடத்தை வைத்து மகளுக்குச் சம்பந்தம் முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது விசுவாசம் என்று எனக்குத் தோன்றவில்லை. கிளி ஜோசியனிடம் போகக்கூடாது என்று சொல்லிவிட்டு, வேதபுத்தகத்தையே கிளியாக்கிவிடுகிறோம்.

அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தை வீட்டுக்குப் போய் நிதானமாக வாசியுங்கள். பவுல் ஆசியாவில் பிரசங்கிக்க நினைக்கிறார், தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்க்கிறார், அங்கும் தடை. ஆவியானவர் தடுத்தார் என்று லூக்கா எழுதுகிறார். எப்படித் தடுத்தார் என்று எழுதவில்லை. வியாதியா, வழியில் காவலா, கையில் காசில்லையா, நமக்குத் தெரியாது. இரண்டு கதவு மூடியபின் துரோவாவில், கடற்கரையில், போக இடம் தெரியாமல் நிற்கிறார்கள். அப்பொழுதுதான் இரவில் மக்கெதோனியா மனுஷனைப் பற்றிய தரிசனம். சரி, தரிசனம் கிடைத்துவிட்டது, இனி எல்லாம் சுபம் என்றா நினைக்கிறீர்கள்? பிலிப்பி பட்டணத்தில் லீதியாள் என்ற வியாபாரம் செய்கிற அம்மாள் ஒருவர் விசுவாசித்தார். கொஞ்ச நாளில் பவுலுக்கும் சீலாவுக்கும் அடி, தொழுமரம், சிறைச்சாலை. தேவன் காட்டிய வழியில்தான் போனார்கள். அந்த வழிதான் ஜெயிலுக்குப் போனது. இதை வைத்துக்கொண்டே நம் ஊர்க் கதைக்கு வருகிறேன்.

இங்கிருந்து தெப்பக்குளம் பக்கம் நடந்து போகிற தூரத்தில், கோட்டைப் பகுதியில், கிறிஸ்து ஆலயம் நிற்கிறது. 1766-இல் அதைக் கட்டியவர் கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் ஐயர். பிரஷ்யா தேசத்தில் 1726-இல் பிறந்து, 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்தவர். 1762-இல் திருச்சிக்கு வந்தார். அப்பொழுது இந்த ஊர் எப்படி இருந்தது? ஆற்காட்டு நவாபு ஒரு பக்கம், கம்பெனிப் படை ஒரு பக்கம், மைசூர்ப் படை எப்பொழுது வரும் என்ற பயம் இன்னொரு பக்கம். கோட்டையில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து, சிப்பாய்களின் பிள்ளைகள் பலர் அனாதைகளானார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் அவர் பள்ளிக்கூடம் தொடங்கினார். 1764-இல் மதுரை முற்றுகையில் காயப்பட்டவர்களுக்கும் நோயாளிகளுக்கும் ஊழியம் செய்தார். அதற்காக நவாபு கொடுத்த 300 வராகனையும் கட்டட வேலைக்கே கொடுத்துவிட்டார். மருத்துவமனை சாப்ளினாகிய எனக்கு அந்த மதுரைக் கூடாரங்களின்மேல் தனிப் பிரியம் உண்டு. அந்த நாளில் மயக்க மருந்து கிடையாது. கால் எடுக்கவேண்டுமானால் பக்கத்தில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபிப்பதுதான் மருந்து.

1778-இல் அவர் தஞ்சாவூருக்குக் குடிபோனார். அடுத்த வருடமே சென்னை கவர்னர் ரம்போல்டு துரையிடமிருந்து ஒரு வேண்டுகோள். "ஸ்ரீரங்கப்பட்டணம் போய் ஹைதர் அலியைச் சந்தித்து, எங்களுக்குச் சமாதானமே விருப்பம் என்று தெரிவிக்கவேண்டும்." ஐம்பதைத் தாண்டிய போதகர், அரசியல் தூதுக்குப் போகலாமா? ஜெபித்தார், யோசித்தார். இரத்தம் சிந்தாமல் தடுக்க வழியிருந்தால் போவது கடமை, போகிற வழியெல்லாம் சுவிசேஷம் சொல்லலாம், அன்பளிப்பு எதையும் கையால் தொடுவதில்லை. இந்தத் தீர்மானத்தோடு புறப்பட்டார். கரூரில் அனுமதிக்காகக் காத்திருந்து, சத்தியமங்கலம் வழியாக மலை ஏறி, ஆகஸ்டு மாதத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம் சேர்ந்தார். ஹைதர் அலி அவரை மரியாதையாய் ஏற்றுக்கொண்டார், மனம்விட்டுப் பேசினார். வழிச்செலவுக்கென்று கொடுத்த 300 ரூபாயைச் சுவார்ட்ஸ் ஐயர் திரும்பி வந்ததும் கம்பெனியாரிடம் ஒப்படைக்கப் பார்த்தார். அவர்கள் வாங்காததால், தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு அதை வைக்க உத்தரவு கேட்டார்.

இதோடு கதையை நிறுத்தினால் அருமையான சாட்சி. கன்வென்ஷன் மேடையில் இதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் 1780 ஜூலையில் ஹைதரின் பெரும்படை கர்நாடகச் சீமைக்குள் இறங்கியது. சமாதானத் தூது வீணாய்ப் போயிற்று. ஊர்கள் எரிந்தன, ஏரிகள் உடைபட்டன, ஜனங்கள் கோட்டைகளுக்கு ஓடிவந்தார்கள்.

அப்படியானால் தேவன் அவரை நடத்தினாரா இல்லையா? பிரயாணம் தேவசித்தமானால் ஏன் யுத்தம் வந்தது? நாம் இப்படித்தான் கணக்குப் போடுகிறோம். காரியம் வாய்த்தால் கர்த்தர் நடத்தினார், வாய்க்காவிட்டால் நாம் சத்தம் தவறாய்க் கேட்டோம். இந்தக் கணக்கு எனக்குச் சரியாகத் தோன்றவில்லை. போகும்படி அவருக்குச் சொல்லப்பட்டது. யுத்தம் வராது என்று அவருக்குச் சொல்லப்படவில்லை. இரண்டும் வேறு வேறு. மேலும், அந்தப் பிரயாணத்தினால் ஒன்று நடந்தது. அந்தப் பாதிரியாருக்கு யாரும் தொல்லை செய்யக்கூடாது, தடையில்லாமல் போகவிடவேண்டும் என்று யுத்த காலத்தில் ஹைதர் அலியே தன் அதிகாரிகளுக்கு உத்தரவிட்டிருந்தார். கம்பெனியின் தூதனாய்ப் போனவரைக் கம்பெனியின் சத்துரு நம்பினார்.

இனி நான் சொல்லவிரும்புவது தஞ்சாவூர்க் கோட்டை நெல்லைப் பற்றி. மண்டிக்காரர்கள் கொஞ்சம் கவனமாய்க் கேளுங்கள், இது உங்கள் தொழில் விஷயம்.

1781, 82-ஆம் வருடங்களில் தஞ்சாவூர்க் கோட்டைக்குள் தானியம் இல்லை. சிப்பாய்கள் பசியால் காவல் நிற்கிற இடத்திலேயே விழுந்து செத்தார்கள். காலையில் தெருக்களில் பிணம் எடுத்தார்கள். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது. ஆனால் உள்ளே கொண்டுவர மாடு இல்லை. மாடு உள்ளவர்கள் வரமாட்டோம் என்றார்கள். ஏன்? முன்னே கொண்டுவந்தவர்களுக்குப் பணம் வரவில்லை. சர்க்கார் ஆட்கள் சரக்கை எடுத்துக்கொண்டு பேச்சை மாற்றினார்கள். ராஜா வாக்குக் கொடுத்தார், கம்பெனி அதிகாரிகளும் வாக்குக் கொடுத்தார்கள், ஒரு மாடுகூட வரவில்லை. பட்டினி கிடந்த கோட்டையில் பணத்தைவிட முதலில் தீர்ந்துபோனது நாணயம். கடைசியில் ராஜா துளஜாஜி சொன்ன யோசனை: நம் எல்லாருடைய பெயரும் கெட்டுப்போயிற்று, சுவார்ட்ஸ் ஐயரையாவது ஜனங்கள் நம்புகிறார்களா பார்ப்போம்.

அவர் கிராமங்களுக்குக் கடிதம் எழுதினார். மாடு கொண்டுவாருங்கள், வழியில் மாடு செத்தாலும் பிடிபட்டாலும் அதற்கும் நான் பொறுப்பு, கூலியை என் கையால் கொடுப்பேன் என்று. ஒன்றிரண்டு நாளில் ஏறக்குறைய ஆயிரம் மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. (இளைஞர்களுக்காகச் சொல்லுகிறேன்: 12 மரக்கால் சேர்ந்தது ஒரு கலம். உங்கள் தாத்தாவுக்குத் தெரியும்.) வந்தவர்களுக்கு அவர் கையோடு கணக்குத் தீர்த்து, மேலே கொஞ்சம் கொடுத்து, வீட்டுக்கு அனுப்பினார்.

அந்த நாட்களில்தான், 1782 பிப்ரவரியில், கும்பகோணம் பக்கத்தில் கர்னல் பிரைத்வெயிட்டின் படை முழுவதும் திப்புவிடம் பிடிபட்டது. கோட்டைத் தளபதி நடுங்கிப்போனார். இன்னும் நெல் வேண்டும். சுவார்ட்ஸ் ஐயர் மறுபடியும் எழுதினார். ஜனங்கள் மறுபடியும் வந்தார்கள்.

முதல் முறை வந்ததைவிட இந்த இரண்டாம் முறை எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. முதல் முறை வேறு வழியில்லாமல்கூட வந்திருக்கலாம். இரண்டாம் முறை, நிலைமை இன்னும் மோசம். வழியில் படை இருக்கிறது. கோட்டை நிற்குமா விழுமா என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கிராமத்தார் எதை நம்பி மாட்டை ஓட்டி வந்தார்கள்? யுத்தம் எப்படி முடியும் என்று அவர்களுக்குத் தகவல் கிடைத்ததா? இல்லை. வழி பத்திரமாக இருக்கிறது என்று யாராவது சொன்னார்களா? அதுவும் இல்லை. போன தடவை இந்த மனுஷன் சொன்னபடி கொடுத்தார். அவ்வளவுதான் அவர்கள் கையில் இருந்தது.

உங்கள் மார்க்கெட்டில் இன்றைக்கும் இதுதானே நடக்கிறது? முன்பின் தெரியாத ஊரிலிருந்து ஒருவர் ராத்திரியில் லோடு அனுப்புகிறார். விலை அவருக்குத் தெரியாது. மண்டி எதுவென்று பார்த்துத்தான் அனுப்புகிறார். நாம் ஆண்டவரிடம் நாளைய விலைப்பட்டியலைக் கேட்கிறோம். அவரோ, போன தடவை நான் எப்படிக் கணக்குத் தீர்த்தேன் என்று பார் என்கிறார். அதற்காகத்தான் இஸ்ரவேலர் எகிப்திலிருந்து வந்த கதையைத் திரும்பத் திரும்பப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். நமக்குச் சிலுவையும் வெறுமையான கல்லறையும் இருக்கிறது.

செமினரியில் எபிரெய மொழி படிக்கும்போது எங்களுக்கு ஒரு சொல் சொல்லித்தந்தார்கள். எமூனா. விசுவாசம், உண்மை என்று பல இடங்களில் நாம் வாசிக்கிற பதம். யாத்திராகமம் 17-இல் அமலேக்கியரோடு யுத்தம் நடக்கும்போது மோசேயின் கைகள் தளர்ந்துபோகின்றன. ஆரோன் ஒரு பக்கமும் ஊர் ஒரு பக்கமும் தாங்கிப் பிடிக்கிறார்கள். சூரியன் அஸ்தமிக்கும்வரை அந்தக் கைகள் அசையாமல் இருந்தன என்று சொல்லுகிற இடத்தில் எபிரெயத்தில் வருவது இதே எமூனாதான். மோசேயின் மனதில் அந்த நேரம் என்ன உணர்ச்சி இருந்தது என்று வேதம் சொல்லவில்லை. கை கீழே விழவில்லை, அதைத்தான் சொல்லுகிறது. அதுவும் அவர் சொந்தப் பலத்தால் அல்ல. மாதாமாதம் உங்கள் காணிக்கையை அனுப்பும்போது, ஏதோ கட்டடத்துக்கும் மருந்துக்கும் போகிறது என்று நினைக்காதிருங்கள். வார்டில் ஒருவருடைய கை தளருகிற நேரத்தில் பக்கத்தில் நிற்கிறவர்கள் நீங்கள்.

கேட்கக் கஷ்டமான ஒன்றையும் சொல்லவேண்டும். இந்த ஊரில் 1826 ஏப்ரல் 3-ஆம் தேதி காலையில், பேராயர் ஹீபர் கோட்டை ஆலயத்தில் ஆராதனை நடத்திவிட்டு, தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பினார். குளிக்கத் தொட்டியில் இறங்கினார். எழுந்து வரவில்லை. வயது 42. இந்தியாவுக்கு வந்து மூன்று வருடம்கூட நிறையவில்லை. தூய யோவான் ஆலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. அவர் பெயரில் பின்னாளில் பள்ளியும் கல்லூரியும் வந்தன என்று சொல்லி இதைச் சரிக்கட்டப் பார்க்கிறோம். நான் அப்படிச் செய்யமாட்டேன். வீட்டில் ஒரு மனைவியும் சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். ஏன் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் நோயாளியின் கட்டில் பக்கத்தில் பேசுகிற ஊழியக்காரர் வாயைத் திறக்காமலிருப்பது நலம்.

சுவார்ட்ஸ் ஐயரும் முடிவைப் பார்க்கவில்லை. துளஜாஜி தத்தெடுத்த மகன் சரபோஜியை அவர் பல வருடம் பாதுகாத்தார், அவருடைய உரிமைக்காக வாதாடினார். 1798 பிப்ரவரி 13-இல் ஐயர் காலமானார். அதே வருடம் ஜூனில்தான் சரபோஜி அரியணை ஏறினார். நாலே மாத வித்தியாசம்.

இப்பொழுது நம் வார்டுக்கு வருகிறேன். அவரிடம் உத்தரவு வாங்கித்தான் சொல்லுகிறேன், பெயர் சொல்லவில்லை. இதே மார்க்கெட்டில் இருபது வருடத்துக்கு மேல் மூட்டை தூக்கினவர். சர்க்கரை வியாதி. காலில் ஆணி குத்தின புண் ஆறாமல், எலும்புவரை போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் அம்மா சொன்னார்கள். உறவினர் ஒருவர், சொப்பனத்தில் கால் சுகமாகக் கண்டேன், கையெழுத்துப் போடாதே என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மனைவி அழுதுகொண்டே என்னிடம், "ஐயா, ஆண்டவர் என்ன சொல்லுகிறார்?" என்றார்.

நான் சொன்னேன்: "அம்மா, சொப்பனத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் டாக்டர் அம்மாவுக்குக் கண்ணையும் படிப்பையும் கொடுத்ததும் அதே ஆண்டவர்தான். அவர்கள் நேராய்ச் சொன்ன பிறகு, இன்னொரு சத்தம் வரட்டும் என்று காத்திருந்தால் விஷம் மேலே ஏறும். ஆபரேஷன் பண்ணலாமா என்று இனி ஜெபிக்கவேண்டாம். அதைத் தாங்கப் பெலன் தாரும் என்று ஜெபிப்போம்."

அவர் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "சரிங்க ஐயா, காலை எடுத்துட்டா நான் எப்படிங்க மூட்டை தூக்குறது?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. "தெரியாது, தம்பி. கர்த்தர் உங்களை விடமாட்டார் என்பது தெரியும். எப்படி என்பது தெரியாது" என்றேன். அவர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. புண் ஆறிவருகிறது. இன்னும் சில வாரத்தில் செயற்கைக் காலுக்கு அளவெடுப்பார்கள், அந்தச் செலவு உங்கள் காணிக்கையிலிருந்து போகிறது. நடப்பார். மூட்டை தூக்கமாட்டார். இரண்டு பெண் பிள்ளைகள் படிக்கிறார்கள், மனைவி இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். படிப்பு எட்டாவது, கணக்கு நன்றாக வரும். இருபது வருடத்தில் எந்த ஊர் லோடு எப்பொழுது இறங்கும் என்பது அவருக்கு மனப்பாடம். மண்டியில் உட்கார்ந்து செய்கிற வேலை, எடை எழுதுவதோ, இரவுக் காவலோ, எதுவானாலும் உங்களில் ஒருவரிடம் இருக்கக்கூடும். ஆசீர்வாதம் கூறி முடித்ததும் டீ கொடுப்பார்கள். நான் வாசல் பக்கம் நிற்பேன்.